காதரின் விரல் சுற்றிய பக்கம்

சபீனா பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

முகம் டோல்கேட் பக்கம். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். முதுகு நிமிர்ந்து, கண் ரோட்டைப் பார்த்து, ஓட்டுகிறவள் எப்படி உட்கார வேண்டுமோ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். போகிற திசைதான் தப்பு. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் போகாமல் விருட்டென்று பின்னால் பாய்ந்தது.

சந்தில் தண்ணீர் லாரிக்காக வரிசையாக வைத்திருந்த குடங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. ஒரு நீல டிரம் கவிழ்ந்தது. எதிர்வீட்டு வாசலில் காய்ந்த கருவாட்டுக் கூடையைத் தொட்டுக்கொண்டு வண்டி சுவரில் போய் நின்றது. சபீனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சவரி மாமா, இன்னா மாமா இது? ஃபர்ஸ்ட் கியர்தானே போட்டேன்?"

சந்தே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அப்புறம்தான் திரும்பி, வாசலில் நாற்காலியில் இருந்த அவள் அப்பா காதரைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா சவரி," என்றான். "கையி போச்சு, காலு போச்சுன்னு நெனச்சேன். தலையும் பூட்ச்சி."

மேலே நான், கீழே அவன்

போன வாரம், துறைமுகத்தில் நான் ஓட்டிய கிரேனின் ஏணியைப் பற்றியும் என் முட்டி தேய்ந்த கதையையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கேபினில் உட்கார்ந்தால் கீழே எல்லாம் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியாது ஐயா. பாதி தெரியாது.

கப்பலின் வயிற்றுக்குள் சுமையை இறக்கும்போது, கொக்கி போகிற இடம் கேபினில் இருப்பவன் கண்ணுக்கே படாது. கப்பல் விளிம்பில் ஒருத்தன் நிற்பான். அவன் கை மட்டும் தெரியும். அந்தக் கை சொன்னால் இறக்குவேன், கை சொன்னால் நிறுத்துவேன். அந்தக் கைக்காரனுக்கு சிக்னல்காரன் என்று பெயர். என் சிக்னல்காரன் காதர்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவன் கையைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. முஷ்டியை மூடினால் நிறுத்து. இவ்வளவுதான் எங்கள் பாஷை. இதற்குள் பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. முஷ்டியை அவன் மூடுகிற வேகத்திலேயே என் ஏழு தலைமுறையையும் திட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.

காதர் எல்லா சிக்னலையும் இடது கையால்தான் கொடுப்பான். துறைமுகத்தில் அவனுக்குப் பெயரே பீச்சாங்கை காதர். புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர், வலது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் பேசினார். காதர் ஒருநாள் முழுக்க வலது கையால் கொடுத்தான். அன்று நாங்கள் பாதி வேலைகூட முடிக்கவில்லை. எனக்கு யாரோ அந்நியன் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மறுநாள் சூப்பர்வைசரே "உன் கை, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மழைக்காலம், இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று தூக்கும்போது ஒருபக்கம் சரிந்துவிட்டது. கீழே கப்பலின் அடித்தட்டில் ஆட்கள். மேலே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மழையும் காதரின் கையும் மட்டும்தான். எல்லோரும் கத்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் கை ஆட்டினார்கள். நான் காதரின் முஷ்டியை மட்டும் பார்த்தேன். முஷ்டி, அப்புறம் இறக்கு, கொஞ்சம் இறக்கு, முஷ்டி, திருப்பு, இறக்கு. கட்டு காலியான இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒருத்தனுக்கும் கீறல்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது, "ஏண்டா, உனக்கு பயமே இல்லையா?" என்று கேட்டேன். "டீ ஆறுது, குடி" என்றான். அந்தக் கை கல்லு மாதிரி என்று நான் வீட்டிலும் சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும் சொல்லாத ஆள் கிடையாது.

அந்தக் கைதான் போன வருஷம் விழுந்தது. காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியதாம். பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறல். இடது காலும் இடது கையும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

அடுத்தவன் கால்

காதரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் உண்டு. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். இரண்டு பக்கமும் சைலன்சர், கியர் போடுகிற கம்பியையே மடக்கி நிமிர்த்தினால் அதுவே கிக்கர். அது இருப்பது இடது பக்கம். இவ்வளவு சொன்னால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் வாங்கியது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் இரும்பு பொலபொலவென்று உதிரும். காதர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவான். தலைக்கு எண்ணெய் வைக்க மறந்துபோய் வருவான், ஸ்போக்ஸுக்கு மறக்க மாட்டான்.

அந்த வண்டிக்கு ஒரு சட்டம். அடுத்தவன் கால் அதை உதைக்கக் கூடாது. ஓட்டக் கேட்டால் கொடுப்பான். ஆனால் அவனே உதைத்து, கிளப்பி, கையில் கொடுப்பான். போன இடத்தில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். நானே ஒருமுறை ராயபுரம் பாலத்திலிருந்து டோல்கேட் வரை தள்ளி வந்திருக்கிறேன். ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால், "அதுக்கு என் காலு பழக்கம்" என்பான்.

அவன் மகள் சபீனா சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறாள். "பெரியவளானதும் ஒதைக்கலாம்" என்றான். அவள் பெரியவளானாள். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், டிரெய்லர் டிரைவர்களையே அதட்டி வரிசையில் நிற்க வைக்கிறவள். ஆனாலும் அத்தாவின் வண்டியை உதைக்க அனுமதி வரவில்லை.

அத்தா படுத்து சில மாதம் ஆனதும், எஞ்சின் இறுகிவிடுமே என்று பயந்து, "நான் ஒதச்சி கொஞ்ச நேரம் ஓட உடறேன் அத்தா" என்று கேட்டிருக்கிறாள். அதுவரை சத்தமே போடாத மனுஷன், கட்டிலிலிருந்து, "நான் செத்தப்பறம் ஒதை!" என்று கத்தினானாம். அவள் யார்டிலிருந்து எனக்கு போன் போட்டு அழுதாள்.

நான் போனேன். காதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"காயலான் கடைக்காரன வரச் சொல்லிகீறேன். வெள்ளிக்கெழம தொழுகைக்கு அப்பால வருவான். எட்த்துகினு போவட்டும்."

"ஏண்டா, வண்டி இன்னாடா பண்ச்சு உன்ன?"

"என்னால கெளப்ப முடியாத வண்டி எனக்கு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. வண்டி மேல் எனக்கு அவ்வளவு பாசம் இல்லை, என்னைத் தள்ள வைத்த வண்டி. ஆனால் அது காயலான் கடைக்குப் போனால் இவனும் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. அதுதான் பயம்.

நிலக்கரி உருட்டிய உருளை

வழி காட்டியது சபீனாவின் போனில் பார்த்த ஒரு வீடியோ. வெளிநாட்டில் பழைய பந்தய வண்டிகளுக்குக் கிக்கரே கிடையாதாம். தரையில் இரண்டு உருளை பதித்த ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிறார்கள். மோட்டார் உருளையைச் சுற்ற, உருளை சக்கரத்தைச் சுற்ற, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. யாரும் உதைக்கவில்லை. ஒருத்தர் சுவிட்சை அமுக்குகிறார், அவ்வளவுதான்.

சபீனாவும் நானும் ஒரே நேரத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சுவிட்சை அமுக்க வலது கை போதுமே.

காதரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "பேஜார் பண்ணாத" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. காயலான் கடைக்காரனைப் பத்து நாள் கழித்து வரச் சொல்லி சபீனா தகவல் அனுப்பினாள்.

திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் உருளை கிடைத்தது. எண்ணூர் பக்கம் நிலக்கரி கன்வேயரில் பெல்ட்டைத் தாங்கி ஓடிய உருளைகள். உதறினால் இன்னும் கரி கொட்டியது. கரி அப்பிய பனியனோடு நான் வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரி பிலோமினா, "ரிட்டையர் ஆனப்பறம்தான் நீ வேல செய்ற மாதிரி கீது" என்றாள்.

உருளை வழவழவென்று இருந்தால் டயர் வழுக்கும். அதனால் மேலே குறுக்குக் குறுக்காக வெல்டிங் கோடு வைத்தேன். ஒரு உருளையின் ஓரத்தில் சைக்கிள் பல்சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை வெல்டு வைத்து, செயின் மாட்டினேன். மோட்டாருக்கு, உடைத்துப்போட்ட வேன் ஒன்றின் செல்ஃப் மோட்டார். பேட்டரி, பக்கத்து வீட்டு மீன் லோடு ஆட்டோவிலிருந்து கடன். சுவிட்சுக்கு, வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் பொத்தான். அதிலிருந்து நீளமாக வயர் இழுத்துக் காதர் நாற்காலியில் கட்டினேன்.

இதையெல்லாம் என் வீட்டில் வைத்தே செய்திருக்கலாம். வேண்டுமென்றேதான் அவன் வாசலில் செய்தேன். வேலை நடக்கிற இடத்தில் சிக்னல்காரன் இருக்க வேண்டும் இல்லையா? முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் போடச் சொன்னான். கடைசியில் வாசல்படிக்கே வந்துவிட்டான்.

"டேய், நீ சிக்னல் குடுக்காம நான் ஒரு நட்டுகூட முடுக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றேன்.

அவன் வலது கையைத் தூக்கினான். பழக்கமில்லாத கை, தடுமாறியது. ஆனாலும் தூக்கினான். நான் குனிந்து செயினைச் சரி பண்ணுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

எந்தப் பக்கம்?

இங்கேதான் தப்பு நடந்தது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வேன் செல்ஃப் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். வயரை மாற்றிக் கொடுத்தாலும் அதே பக்கம்தான். ஆகவே அதைச் சட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்து வெல்டு வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் உருளை இப்படியா அப்படியா என்பது.

சட்டம் சந்தில் கிடந்தது. இந்தப் பக்கம் வாசல்படியில் காதர். அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவரோரம் நான். நடுவில் உருளைகள்.

"டேய் காதரு, உருள எந்தப் பக்கம் சுத்தணும்?"

வண்டி டோல்கேட் பக்கம் பார்த்து நிற்கும், சக்கரம் இப்படிச் சுற்றும், அப்படியானால் உருளை அதற்கு எதிராக. அவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே யோசித்தான். பிறகு விரலை நீட்டிக் காற்றில் சுற்றினான். நான் பார்த்தேன். கடிகார முள் போகிற பக்கம். சரி என்று தலையாட்டினேன்.

மோட்டாரை வாசல் பக்கம்தான் வைக்க முடியும், என் பக்கம் சாக்கடை. எழுந்து சந்தைக் கடந்து காதர் பக்கம் போனேன். அவன் காலடியில் உட்கார்ந்து, கடிகார முள் போகிற பக்கம் சுற்றும்படி மோட்டாரை வைத்து வெல்டு அடித்தேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குச் சபீனா ஏறி உட்கார்ந்தாள். காதர் பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமுக்கினான். உருளை உறுமியது, சக்கரம் பிடித்தது, அவள் கிளட்சை விட்டாள். இரண்டு இருமல் இருமி எஞ்சின் கிளம்பியது. சந்து முழுக்க நீலப் புகை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்திலும் புகையிலும் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் பார்த்தார்கள்? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். தலைகீழாகச் சுற்றிவிட்டால் தலைகீழாகவே சந்தோஷமாக ஓடும். சபீனா உருளையிலிருந்து வண்டியை இறக்கி, சந்தில் நிறுத்தி, முதல் கியர் போட்டாள்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஸ்குரு

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தும் அதே யோசனைதான். காதர் யோசித்துச் சொன்னான், தப்பாகச் சொல்லிவிட்டான். வேறென்ன? இத்தனை மாதத்தில் வேலை விஷயமாக நான் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, அதற்குத் தப்பான பதில். தலையும் பூட்ச்சி என்று அவன் சொன்னது உண்மைதானோ என்று எனக்கே தோன்றியது. தோன்றியதற்காக என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

தட்டைத் தள்ளிவிட்டு, காற்றில் விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பிலோமினா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அவளும் என் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சுற்றினாள்.

"இன்னாய்யா, ஸ்குரு கழண்டுகிச்சா?"

கழற்றுகிறாளாம். எனக்கென்னவோ முடுக்குவதாகத் தெரிந்தது.

"திரும்பச் சுத்து" என்றேன். சுற்றினாள். அவள் பக்கத்திலிருந்து கழற்றுகிறாள். என் பக்கத்திலிருந்து முடுக்குகிறாள். எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "இப்ப சுத்து" என்றேன். கழன்றது.

"பயமா கீதுய்யா" என்றாள் பிலோமினா.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காதர் சரியாகத்தான் காட்டினான். அவனுக்கு எதிரில் நின்று பார்த்த நான், அதைப் பார்த்தபடியே மனசில் வைத்துக்கொண்டு, அவன் பக்கம் போய் நின்று செய்தேன். நான் இருந்த பக்கத்திலேயே இருந்து செய்திருந்தால் சரியாக வந்திருக்கும். முப்பது வருஷமும் அப்படித்தானே செய்தேன்! அவன் கீழே, நான் மேலே, முகத்துக்கு முகம். விரல் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. அவன் நிற்கிற பக்கம் போய் நின்று ஒரு வேலையும் செய்ததில்லை.

முஷ்டி

விடிந்ததும் ஓடினேன், இந்த முட்டியோடு. வெல்டிங்கை அறுக்க கட்டிங் மெஷினையும் தூக்கிக்கொண்டு.

வாசலில் காதர் இருந்தான். சபீனா வேலைக்குப் போகவில்லை, கண் வீங்கியிருந்தது. காயலான் கடைக்காரனை இன்றைக்கே வரச் சொல்லி அத்தா பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னாள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விரலைச் சுற்றிக் காட்டினேன், அந்தப் பக்கம் போய் நின்று காட்டினேன், இந்தப் பக்கம் வந்து காட்டினேன். பிலோமினாவின் ஸ்குருவையும் சொன்னேன்.

காதர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்ல, "நீ நல்லவன் சவரி" என்றான். "ஆஸ்பத்திரில கூட 'ஒன்னுமில்லடா, நாளைக்கே வூட்டுக்குப் போயிடலாம்'ன்னு சொல்லிகினே இருந்த. இதும் அப்டித்தான?"

ஆஸ்பத்திரியில் சொன்னது பொய்தான். பொய் சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொல்லும்போது என் வாய்க்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டது.

"நம்பாட்டிப் போ. அறுத்து மாத்தி வெச்சி காட்றேன்" என்று கட்டிங் மெஷினை எடுத்தேன். வெல்டிங்கை அறுத்தால் பல்சக்கரம் தாங்குமோ தாங்காதோ, மறுபடி வைக்க இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் வண்டி இருக்குமோ இருக்காதோ. மெஷின் சுற்ற ஆரம்பித்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஓரக்கண்ணில் ஒரு முஷ்டி தெரிந்தது.

என் கை தானாக நின்றது. யோசித்து நிற்கவில்லை. விரல் பொத்தானை விட்டுவிட்டது, மெஷின் முனகி அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். காதரின் வலது கை, முஷ்டி மூடி, நிமிர்ந்து நின்றது.

அப்புறம் முஷ்டி பிரிந்தது. ஆள்காட்டி விரல் வண்டியைக் காட்டியது. கை மெதுவாகப் பக்கவாட்டில் நீண்டு, டோல்கேட் பக்கத்திலிருந்து முட்டுச்சந்து பக்கமாக அரைவட்டம் போட்டது.

திருப்பு.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேபினிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சபீனாவும் வண்டியைப் பிடித்து, சந்திலேயே திருப்பி, முகம் முட்டுச்சந்து பக்கம் இருக்கும்படி மறுபடி உருளை மேல் ஏற்றினோம். பின்சக்கரம் இரண்டு உருளைக்கும் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. உருளை மாற வேண்டியதே இல்லை. வண்டி திரும்பி நின்றால் போதும். ஒரு வெல்டிங்கும் அறுக்க வேண்டாம், ஒரு நட்டும் கழற்ற வேண்டாம்.

வண்டி என்றால் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காதர் ஒருத்தன்தான் அப்படி நினைக்கவில்லை.

"தலை பூட்ச்சின்னியேடா, திருட்டுப் பயலே!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டேன். காதரின் கோணிய வாயில் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது.

பொத்தானை அமுக்கினான். உருளை உறுமியது. சபீனா கிளட்சை விட்டாள். இந்தமுறை நான் குனிந்து சக்கரத்தையே பார்த்தேன். முன்பக்கமாகச் சுற்றியது. எஞ்சின் பிடித்து, இரண்டு சைலன்சரிலும் அந்தப் பழைய டபடப சத்தம் வந்தது. சந்தில் இருந்தவர்கள் முன்ஜாக்கிரதையாகக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கிக்கர்

வண்டி திரும்பியதில் இன்னொன்றும் திரும்பியிருந்தது. நேற்று வரை காதருக்கு வண்டியின் வலது பக்கம்தான் தெரிந்தது. இன்றைக்கு இடது பக்கம் அவனைப் பார்த்து நின்றது. கிக்கர் இருக்கிற பக்கம். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சபீனா உருளையிலிருந்து வண்டியை இறக்கி, கியர் போடப் போனாள். காதர் முஷ்டியை மூடினான்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆஃப் பண்ணு" என்றேன். பண்ணினாள். சந்து திடீரென்று அமைதியானது.

"ஒதை" என்றான் காதர்.

"இன்னா அத்தா?"

"கால்ல ஒதை. நீயே."

அவள் அசையவில்லை. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய், கரியில பொரண்டு, வெல்டு வெச்சி, சந்தே காறித் துப்பி, இவ்ளோத்தையும் பண்ணது அவ ஒதைக்கக் கூடாதுன்னுதானடா? இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

காதர் ஒவ்வொரு வார்த்தையாகக் குழறிச் சேர்த்துச் சொன்னான்.

"அன்னிக்கி அவளா எட்த்து ஒதச்சிருந்தா, நான் செத்துப் பூட்டவன் மாதிரி. இன்னிக்கி நான் கெளப்பி, நான் குடுக்கறேன். நான் அவ அத்தா."

சபீனா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். கம்பியை நிமிர்த்தினாள். காலை வைக்கும் முன் ஒருமுறை அத்தாவைப் பார்த்தாள். முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு எஞ்சின் கனைத்தது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு டோல்கேட் பக்கமாகப் போனாள். முன்னால்தான் போனாள்.

நான் அவ்வளவு பாடுபட்டுச் செய்த இயந்திரம் அத்தோடு சரி. இப்போது அதன் மேல் விரித்த சாக்கில் எதிர்வீட்டு ஆடு படுக்கிறது. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது பழைய வண்டி கிளப்ப வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், மோட்டார் எந்தப் பக்கம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அவள் திரும்பி வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, சந்தைக் கடந்து, காதர் நாற்காலிக்குப் பின்னால் வாசல்படியில் போய்க் குந்தினேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கே புதிதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் சத்தம் கேட்டது. காதர் வலது கையைத் தூக்கினான். மெதுவா. மெதுவா. இன்னும் கொஞ்சம். முஷ்டி. ஒருநாளும் துறைமுகத்துக்குள் வந்திராத அந்தப் பெண், அவன் காட்டிய இடத்தில் அப்படியே நிறுத்தினாள்.

அந்தக் கையை நான் அவன் பக்கத்திலிருந்து, இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். மூடிய முஷ்டி கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கை நடுங்குதேடா" என்றேன். "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இது நோவு இல்ல" என்றான். "லோடு எறங்கறப்ப எப்பவும் நடுங்கும். அந்தக் கையும் இப்டித்தான்."

"எப்பவும்னா? அந்தக் குழாய்க் கட்டு அன்னிக்குமா?"

"அன்னிக்கு ரொம்ப."

"ஒருநாளும் சொல்லலியேடா!"

காதர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"உனக்கு எதுக்கு அது? நீ மேல குந்திகினு கீற."